ஒரு கட்டத்துக்கு ஐம்பது பேர்

அறுபதுகளின் கடைசியில் கணக்குப் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். புள்ளிவிவரம், வரைபடம் என்று ஒரு புதிய அத்தியாயம் முளைத்தது. அதைச் சொல்லித்தர வாத்தியார்களுக்கே தெரியாது என்பதால் கோயமுத்தூரில் பத்து நாள் பயிற்சி வைத்தார்கள். பயிற்சி கொடுத்தவர் பஞ்சாபின் கோதுமை விளைச்சலைப் பட்டை பட்டையாக வரைந்து காட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களில் பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கினோம். தூங்கியவர், தூங்காதவர் எல்லோருக்கும் பத்தாம் நாள் ஒரே மாதிரி சான்றிதழ் கொடுத்தார்கள். திருப்பூருக்குத் திரும்பும் பஸ்ஸில், புள்ளிவிவரம் தெரிந்த ஒரே ஆள் இந்தப் பக்கத்தில் நான்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, அந்த வயதில் இப்படி நினைப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை.

நான் வேலை பார்த்தது அரசு உதவி பெறும் ஒரு உயர்நிலைப் பள்ளி. அங்கே கடைசியாகச் சேர்ந்த ஆசிரியை நான். ஒன்பதாம் வகுப்பில் ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள் இருந்ததால்தான் என்னை எடுத்தார்கள். பிள்ளைகளின் வருகை குறைந்தால் மேலே இருப்பவர்கள் மூன்றை இரண்டாக்கிவிடுவார்கள், இரண்டானால் முதலில் வெளியே போக வேண்டியவள் நான். வேலை போனால் போய்ச் சேர வேண்டிய இடமும் தயாராக இருந்தது. குன்னத்தூரில் என் தாய்மாமன் மகன் காத்திருந்தார். நல்ல மனிதர்தான். பேசப் பேச நிலக்கடலையை உரித்துத் தின்று, தோலை நம் காலடியிலேயே ஊதிவிடுவார். அதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் எனக்குக் கிடைத்ததில்லை.

"வேலை இருக்கிற வரைக்கும் போ அம்மிணி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வேலை நின்னுச்சுன்னா அடுத்த முகூர்த்தந்தான்," என்று அப்பா சொல்லியிருந்தார். சொன்ன சொல் தவறாதவர். அதனால் எனக்கு ஒன்பதாம் வகுப்பு சி பிரிவு என்பது வெறும் வகுப்பு இல்லை. கழுத்தில் தாலி ஏறாமல் தடுத்துக்கொண்டிருந்த ஒரே சுவர் அது.

முதல் பாடத்துக்குப் பஞ்சாப் கோதுமையை நான் தொடவில்லை. கோதுமையை எங்கள் பிள்ளைகள் ரேஷன் கடையில்தான் பார்த்திருந்தார்கள், அதையும் வேண்டாவெறுப்பாக. பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போகும் மாட்டு வண்டிகளைத் திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் எண்ணி, பட்டைப் படம் வரைந்து கொண்டுவரச் சொன்னேன். ரொம்பப் புத்திசாலித்தனமான யோசனை என்று எனக்கே என் மேல் பெருமை.

வந்த படங்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன். பனியன் கம்பெனி வைத்திருக்கிற வீட்டுப் பையன் ஒருவன் ஒரு கட்டத்துக்கு ஒரு டஜன் என்று அளவு வைத்திருந்தான். அவன் கணக்கில் செவ்வாய்க்கிழமை ஒன்றே முக்கால் டஜன் மாட்டு வண்டிகள் போயிருந்தன.

"மாட்டு வண்டியை யாராவது டஜன்ல எண்ணுவாங்களாடா?" என்றேன்.

"எங்க ஊட்ல எல்லாமே அப்படித்தானுங்க டீச்சர் எண்ணுவோம்," என்றான். திமிராகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியப்படுத்துகிற மாதிரி மரியாதையாகச் சொன்னான்.

அடுத்து ஒரு பெண்ணின் தாள். அவள் நெசவுக் குடும்பம். அவளுடைய அப்பா வீட்டில் ஜக்கார்டு தறி ஓட்டியவர், பிறகு அதை விட்டுவிட்டு ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். படம் அத்தனை அழகு. திங்களும் வெள்ளியும் ஒரே உயரம், செவ்வாயும் வியாழனும் ஒரே உயரம், நடுவில் புதன் கோபுரம் மாதிரி நின்றது. ஒவ்வொரு கட்டத்தையும் கோடு தாண்டாமல் சிவப்புப் பென்சிலால் நிரப்பியிருந்தாள். வண்டிக்காரர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டு வந்தால் ஒழிய அப்படி ஒரு வாரம் அமையாது.

"நிஜமாவே எண்ணினயா?"

"எண்ணினனுங்க டீச்சர். வெள்ளிக்கிழமை மட்டும் மூணு வண்டி கம்மியா வந்துச்சுங்க. நாந்தான் சேர்த்துப் போட்டேன்."

"ஏன் சேர்த்தே?"

"ரெண்டு பக்கமும் ஒத்து வரோணுமில்லீங்களா? ஒத்து வராட்டி கரை கெட்டுப்போயிருமுங்க. சேலையைத் திருப்பி உட்ருவாங்க."

கட்டம் போட்ட தாளை அவள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். அவளுடைய அப்பா அதில்தான் சேலைக் கரைக்கு டிசைன் போடுவார். நிரப்பிய கட்டம் என்றால் இழை மேலே வரும், நிரப்பாத கட்டம் என்றால் கீழே போகும். என்னைவிடப் பத்து வருஷம் முன்பே கட்டத் தாளோடு பழகிய பெண் அவள். இதையெல்லாம் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தாளை உயரத் தூக்கிக் காட்டி, "இந்தாங்க, நம்ம கிளாஸ்ல ஒருத்தி மாட்டு வண்டியில சேலை நெய்திருக்கா," என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும், நாக்கு அதற்கும் ஒரு படி மேலே இருக்கும்.

அவள் அழவில்லை. வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்து நின்றாள். "அப்ப, இருக்கிறதை இருக்கிற மாதிரியே போட்டாப் போதுங்களா டீச்சர்? பார்க்க நல்லா இல்லாட்டிப் பரவாயில்லீங்களா?"

"பார்க்க நல்லா இருக்க வேண்டியதே இல்லை. உண்மையா இருந்தாப் போதும்," என்றேன். சொல்லும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நம் வாயிலிருந்து வருகிற பெரிய வார்த்தைகளில் முதலில் மயங்குவது நாம்தான்.

அன்றைக்கே அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். தினமும் காலை மணி அடித்ததும் சி பிரிவில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணி ஒரு நோட்டில் எழுத வேண்டும். மாதம் முடிந்ததும் அதை வகுப்பே சேர்ந்து பெரிய தாளில் கோடாக வரைய வேண்டும், ஒரு கட்டத்துக்கு இரண்டு பேர். அவள் அந்த நோட்டுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டாள், மேலே பிள்ளையார் சுழியும் போட்டாள்.

இரண்டே வாரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வகுப்பு நிறைந்திருக்கும். வியாழனும் வெள்ளியும் பாதி பெஞ்சு காலி. கோடு புதன்கிழமை வரை சமதரையில் நடந்துவந்து வியாழக்கிழமை கிணற்றில் விழும், திங்களன்று ஏறி வரும், மறுபடி விழும். காரணம் திருப்பூரில் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரியும். சனிக்கிழமை சம்பள நாள். அதற்குள் வாரத்துச் சரக்கை மடித்து, பெட்டியில் அடுக்கி அனுப்பியாக வேண்டும். பனியன் மடிக்கச் சின்னக் கைகள்தான் தோது. பள்ளிக்கூடத்தில் சின்னக் கைகள் நிறைய இருந்தன.

இதில் ஒரு விசேஷம் உண்டு. அப்படிப் போன பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மடித்தது பள்ளியின் தாளாளருடைய கம்பெனியில்தான். அவரே பள்ளியை நடத்தினார், அவரே பிள்ளைகளை வாரத்தில் இரண்டு நாள் கூட்டிக்கொண்டு போனார். அலுவலகக் குமாஸ்தா சாயங்காலம் வருகைப் பதிவேட்டில் எல்லோரும் வந்ததாக எழுதிவிடுவார். யாருக்கும் எந்தக் குறையும் இல்லாத ஏற்பாடு. உண்மையான எண்ணிக்கை ஊரிலேயே ஒரு இடத்தில்தான் இருந்தது, அந்தப் பெண்ணின் நோட்டில்.

ஒருநாள் அவளுடைய அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தாளாளரின் கம்பெனியிலேயே மடிப்பு வேலை பார்த்தவர், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஏனுங்க டீச்சர், வியாழன் வெள்ளி இவளை எங்கூட வரச் சொன்னா வர மாட்டேங்கிறாளுங்க. நான் போயிட்டா எண்ணுறதுக்கு ஆளில்லீங்கிறா. அப்படிங்களா?"

"ஆமாங்க. அவதான் எண்ணணும். வேற யாருக்கும் சரியா வராது," என்றேன்.

அந்த அம்மா மகளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். கொஞ்சம் பெருமை, கொஞ்சம் எரிச்சல். "சரீங்க, டீச்சர் சொன்னா அப்புறமென்னுங்க," என்று போய்விட்டார். ஒரு பிள்ளையைக் கம்பெனியிலிருந்து மீட்டுவிட்டேன் என்று நானும் நிமிர்ந்து நடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் அதிகாரி பார்வையிட வருகிறார். புதிய பாடத்திட்டத்தின்படி ஒவ்வொரு வகுப்பிலும் மாணவர்களே வரைந்த வருகை வரைபடம் தொங்க வேண்டும். வருகையைப் பார்த்துத்தான் பிரிவுகள் நீடிப்பதா இல்லையா என்று முடிவு செய்வார்கள். எங்கள் தலைமையாசிரியர் சரித்திரம் படித்தவர், வரைபடத்தைச் சுவருக்குப் போடுகிற நகை என்று நினைத்தவர். அவர் அறையில் பள்ளியின் வளர்ச்சி என்று ஒரு படம் தொங்கியது, எதனுடைய வளர்ச்சி என்று அதில் எங்கும் எழுதியிருக்காது, கோடு மட்டும் கூரையைப் பார்த்து ஏறிக்கொண்டிருக்கும்.

அவர் என் வகுப்புப் படத்தைப் பார்க்க வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என்னுங்க டீச்சர் இது, வாரா வாரம் குழி விழுந்து கிடக்குது?"

"பிள்ளைங்க வாரா வாரம் வர்றதில்லீங்க சார்."

"வர்றதில்லீன்னா குழியை இப்படியா காட்டறது? கோடுன்னா மேல போகோணுமுங்க. கீழ போறதைத் தொங்க உட்டா வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"நிஜத்தை நினைப்பாங்க சார்," என்றேன். அந்தப் பதிலை ஆசிரியர் அறையில் நான்கு பேரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். தமிழாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, இந்தப் படம் தொங்கினா பதிவேடு பொய்யாயிரும். பதிவேடு பொய்யானா முதல்ல போறது சி பிரிவு," என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதுவரை நான் மற்றவர்களின் தலையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், என் தலையை எண்ணவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தாளாளரே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். தீபாவளிக்கு ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு டஜன் பனியன் கொடுப்பார். எனக்கும் ஆண்கள் பனியன் ஒரு டஜன் வரும். அதை நான் என்ன செய்வேன் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

"டீச்சர், படம் பிரமாதமா இருக்குதுங்க. இதை மாத்துங்கன்னு சொல்றக்கு எனக்கு அதிகாரமில்லீங்க. நீங்க படிச்சவங்க." அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "ஆனா இதைத் தொங்க உட்டா பிரிவு போயிருமுங்க, பிரிவு போனா நீங்களும் போகோணுமுங்க. எனக்கு அதுதான் வருத்தமா இருக்குது. எனக்கென்னுங்க, பிள்ளைக பள்ளிக்கூடத்துல இருந்தாலும் நம்ம பிள்ளைகதான், கம்பெனீல இருந்தாலும் நம்ம பிள்ளைகதான்."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் மேசையில் இருந்த டஸ்டரை எடுத்து எறியலாம் போல் இருந்தது. எறியவில்லை. "யோசிக்கிறேங்க," என்றேன்.

அன்று சாயங்காலம் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். நல்ல கடிதம், தமிழும் இங்கிலீசும் கலந்து நான்கு பத்தி. திரும்பப் படித்துப் பார்த்தபோது கடலைத் தோல் கண் முன்னால் பறந்தது. கிழித்தேன். மறுநாள் மறுபடி எழுதினேன், மறுபடி கிழித்தேன். கொள்கை, குழப்பம் என்று இன்றைக்கு எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். குன்னத்தூர் பஸ்ஸில் பெட்டியோடு ஏற நான் தயாராக இல்லை.

பிறகுதான் கோயமுத்தூர் பயிற்சி கை கொடுத்தது. பொய் எழுதினால்தானே தப்பு? ஒரு எண்ணைக்கூட மாற்றாமல் படத்தை மாற்ற முடியும். அளவை மாற்றினால் போதும்.

சனிக்கிழமை காலை அந்தப் பெண்ணை நோட்டோடு வரச் சொன்னேன். அவள் எண்களைப் படிக்கப் படிக்க நான் புதிய தாளில் புள்ளி வைத்தேன். பக்கவாட்டில் நான் எழுதியிருந்த அளவைப் பார்த்து அவள் நின்றுவிட்டாள்.

"ஒரு கட்டத்துக்கு ஐம்பது பேருங்களா டீச்சர்? நம்ம கிளாஸ்லயே அத்தனை பேர் இல்லீங்களே."

"எல்லா வகுப்புக்கும் ஒரே அளவா இருக்கட்டும்னுதான்," என்றேன், கரும்பலகைக் குரலில். அந்தக் குரலில் சொன்னால் எதுவும் பாடமாகிவிடும்.

அவள் அடுத்த எண்ணைப் படித்தாள். முழு வகுப்பும் ஒரு கட்டத்துக்குள் அடங்கிப்போனது. பாதி வகுப்பு காணாமல் போனாலும் கோடு அரைக் கட்டம்கூட இறங்கவில்லை. போதாக்குறைக்கு ஓவிய வாத்தியாரிடம் போஸ்டர் எழுதுகிற தடித்த பிரஷை வாங்கி அந்தக் கோட்டைப் போட்டேன், இறக்கம் முழுவதும் மையின் கனத்திலேயே மூழ்கிவிட்டது. தாளின் அடியில் ஒரு கறுப்புக் கோடு வாய்க்கால் மாதிரி ஓடியது, மேலே தாள் வெறிச்சென்று கிடந்தது. வெறுமையாக இருக்கிறதே என்று ஓவிய வாத்தியார் அங்கே இரண்டு தாமரை வரைந்தார்.

"கோடு ஏறவே இல்லீங்களே டீச்சர்?" என்றார் தலைமையாசிரியர்.

"இறங்கவும் இல்லீங்களே சார்."

அவர் யோசித்தார். பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மொழி பேச வந்துவிட்டது.

அதிகாரி வந்தது ஒரு வியாழக்கிழமை. கம்பெனியில் அன்று பெட்டி கட்டவில்லை. மடிப்பு மேசையிலிருந்து எல்லோரையும் எழுப்பி அனுப்பிவிட்டார்கள். என் வகுப்பில் பெஞ்சு போதவில்லை. முன்பே படிப்பை விட்டுப் போயிருந்தவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒருவருக்கு மீசை இருந்தது. அவர் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவர், என்னைவிடப் பெரியவராகக்கூட இருக்கலாம். அதிகாரி உள்ளே வந்ததும் எல்லோருக்கும் முந்தி எழுந்து வணக்கம் சொன்னார்.

அதிகாரி தாமரைகளைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். அளவைப் பார்க்கவில்லை. பிறகு திரும்பி, "இந்தப் படம் என்ன சொல்லுதுன்னு யாராவது சொல்லுங்க பார்க்கலாம்," என்றார். சரியாக முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைக் கை காட்டினார்.

அவள் எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். அந்த நோட்டு அவள் கையில்தான் இருந்தது. அவள் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும்.

"எல்லா நாளும் எல்லாரும் ஒரே மாதிரி வர்றாங்கன்னு சொல்லுதுங்கய்யா," என்றாள்.

"சபாஷ். படத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க," என்று அதிகாரி என்னைப் பாராட்டினார். சி பிரிவு தப்பியது. அப்பாவுக்குக் கார்டு போட்டேன். அன்று இரண்டு வடை கூட வாங்கித் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வியாழக்கிழமை முதல் பெஞ்சில் அவள் இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. திங்களன்று வந்தாள், நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அடுத்த வியாழனும் காணோம். அன்று பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். தறி இருந்த குழியை மண் போட்டு மூடியிருந்தார்கள். அதன் மேல் அம்மாவும் மகளும் உட்கார்ந்து கம்பெனியிலிருந்து எடுத்து வந்த பனியன்களை மடித்துக்கொண்டிருந்தார்கள். மகளின் கை அம்மாவின் கையைவிட வேகமாக ஓடியது.

"ஏம்மா வர்றதில்லை? யார் எண்ணுறது?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அவள் கையை நிறுத்தாமல், குறை சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லாமல் சொன்னாள். "இப்ப வந்தாலும் வராட்டியும் கோடு ஒண்ணுதானுங்களே டீச்சர். எதுக்கு எண்ணுறதுங்க?"

அவளுடைய அம்மா எழுந்து, மடித்த பனியன்களை ஒதுக்கி எனக்கு உட்கார இடம் செய்தார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"உங்க வேலை தப்பிச்சுக்கிச்சுங்களா டீச்சர்? அதிகாரி வந்தா டீச்சருக்கு வேலை போயிருமாம்னு கம்பெனீல பேசிக்கிட்டாங்க, அதைக் கேட்டு இவ அப்ப ஒரு வாரம் சோறு சரியாத் திங்கலீங்க. முருகன் புண்ணியத்துல ஒண்ணும் ஆகலீங்களே?"

அந்த முகத்தில் அக்கறையைத் தவிர வேறெதுவும் இல்லை. அன்றைக்கு மாதிரி ஒரு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

"தப்பிச்சுக்கிச்சுங்க," என்றேன்.